கனிஸ்டர் ஃபில்டருக்கு பைப் போடக் கொடுக்கிறீர்களா? பில்லையும் பைப்பையும் ஒத்துப் பாருங்கள்

சென்னையில் ஒரு மீன் தொட்டிக் கடையில் சொல்லி, நாலடித் தொட்டியின் கனிஸ்டர் ஃபில்டருக்கு (தொட்டிக்கு வெளியே, கீழே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர்) ஹோஸை எடுத்துவிட்டு சிபிவிசி என்ற கெட்டி பிளாஸ்டிக் பைப் போட்டோம். பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது. பில்லில் முக்கால் இஞ்ச் பைப், நாலு யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) என்று எழுதியிருந்தார்கள். போட்டிருந்ததோ அரை இஞ்ச். யூனியன் ஒன்றுகூட இல்லை. கொஞ்ச நாளில் ஃபில்டர் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. வந்து பார்த்தவர் "மோட்டார் போச்சு சார், இம்பெல்லரை செட்டோட மாத்தணும்" என்று அடுத்த பில்லுக்கு அடிபோட்டார். மோட்டாரிலோ, தண்ணீரைத் தள்ளும் விசிறியான அந்த இம்பெல்லரிலோ ஒரு குறையும் இல்லை.

அரை இஞ்ச் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த சிபிவிசி பைப்பின் வெளிவிட்டம் 15.9 மி.மீ. ஃபில்டரோடு வரும் 16/22 ஹோஸ் (உள்விட்டம் 16, வெளிவிட்டம் 22 மி.மீ.) அதன் மேல் கச்சிதமாக ஏறி உட்கார்ந்துவிடும். அளவை மாற்றும் ரெடியூசர் வேண்டாம், ஹோஸ் காலர் வேண்டாம், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் உள்விட்டம் சுமார் 12.5 மி.மீ.தான். தண்ணீர் போகும் வழி 60 சதவீதமாகச் சுருங்கிவிடும். அதே அளவு தண்ணீர் போக உராய்வு மூன்று மடங்குக்கும் மேல். இதற்கு மேல் திருப்பத்துக்குத் திருப்பம் 90 டிகிரி எல்போ வேறு. கனிஸ்டர் மோட்டாருக்கு இவ்வளவையும் தாங்கும் தெம்பு கிடையாது. முக்கால் இஞ்சில் 18 மி.மீ. உள்விட்டம் கிடைக்கும். சைஸ், எஸ்டிஆர் (விட்டத்துக்கும் சுவர்க் கனத்துக்கும் உள்ள விகிதம்), இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 15778 எல்லாம் பைப்பிலேயே அச்சடித்திருக்கும். ஒட்டுவதற்கு முன்னால் படித்துப் பார்த்துவிடுங்கள்.

சத்தத்துக்கு வருவோம். தண்ணீரை உறிஞ்சும் பைப் தொட்டி விளிம்பைத் தாண்டி வளைந்து இறங்குகிற இடத்தில், அதாவது நீர்மட்டத்துக்கு மேலே, பைப்புக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஜாயிண்ட் சரியாக ஒட்டாவிட்டால் ஒரு சொட்டுகூட வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். அது கனிஸ்டர் மூடிக்கு அடியில் சேர்ந்து, இம்பெல்லர் தண்ணீரோடு காற்றையும் அடிக்கும். சத்தம் வரும், ஓட்டம் குறையும். "எங்கயும் லீக் இல்லையே சார்" என்று துணியால் துடைத்துக் காட்டினால் நம்பிவிடாதீர்கள். எங்கள் தொட்டியில் அந்த வளைவை வெட்டிப் பார்த்தபோது, பைப் எல்போவுக்குள் பாதி ஆழம்தான் போயிருந்தது. ஹேக்ஸா பிசிறு அப்படியே இருந்தது. சிபிவிசிக்குரிய ஒட்டும் சொல்யூஷனுக்குப் பதிலாக, யுபிவிசி என்ற வேறு வகை பைப்புக்கான சொல்யூஷனைத் தடவியிருந்தார்கள்.

இம்பெல்லருக்குப் பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஃபில்டரைக் கழற்றி, அதோடு வந்த பழைய ஹோஸை மாட்டி, ஸ்டூல் மேல் வைத்த பெரிய வாளித் தண்ணீரில் பத்து நிமிஷம் ஓட்டுங்கள். சத்தம் நின்றுவிட்டால் குற்றம் பைப்பில். எந்த ஜாயிண்ட் என்று கண்டுபிடிக்க, நீர்மட்டத்துக்கு மேலுள்ள ஒவ்வொன்றிலும் வாசலினைக் கனமாக அப்பிப் பாருங்கள். தொட்டிக்குள் வரும் குமிழி எதில் நிற்கிறதோ அதுதான்.

நீர்மட்டத்துக்குக் கீழே கதை வேறு. அங்கே ஜாயிண்ட் விட்டால் தண்ணீர் வெளியே கொட்டும், கரண்ட்டை நிறுத்தினாலும் நிற்காது. 120 × 45 செ.மீ. தொட்டியில் ஒரு செ.மீ. இறங்கினால் 5.4 லிட்டர், 20 செ.மீ. என்றால் 108 லிட்டர் தரையில். திரும்பி வரும் பைப்பில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 3 மி.மீ. துளை போட்டால், மட்டம் இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் (தண்ணீர் தானாக வடியும் ஓட்டம்) அறுந்துவிடும். உறிஞ்சும் பைப்பில் இதைச் செய்யவே கூடாது, மட்டம் சற்று இறங்கினாலே அந்தத் துளை வழியாக ஃபில்டருக்குள் காற்று போகும். அதனால்தான் அந்தப் பக்க ஜாயிண்டில் துளியும் அலட்சியம் ஆகாது.

பிரித்துப் போட்ட வேலை இப்படி: இரண்டு வழியிலும் முக்கால் இஞ்ச் சிபிவிசி. முடிந்த இடத்திலெல்லாம் ஒரு 90-க்குப் பதில் இரண்டு 45 டிகிரி எல்போ. வழிக்கு ஒரு ஃபுல் போர் (உள்வழி சுருங்காத) பால் வால்வு, அதன் இரு பக்கமும் யூனியன். கழுவ எடுக்கும்போது பைப்பை அறுக்க வேண்டியதில்லை. ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் வெளியேறும் பக்க வால்வில் மட்டும். உறிஞ்சும் பக்கத்தைத் திருகினால் மோட்டார் தண்ணீருக்குத் திணறும். கனிஸ்டருக்கும் பைப்புக்கும் நடுவே ஒரு சாண் ஹோஸ் கட்டாயம். நேராக பைப்பையே இணைத்தால் அதிர்வு முழுக்க ஏறும், ஃபில்டரின் பிளாஸ்டிக் மூக்கு உடையும். ஹோஸ் ஏற மட்டும் ரெடியூசர் போட்டு இரண்டு இஞ்ச் நீளத்துக்கு அரை இஞ்ச் துண்டு, மேலே ஸ்டெயின்லெஸ் கிளாம்ப். மரை உள்ள ஃபிட்டிங் தேவைப்பட்டால் முழு பிளாஸ்டிக்கிலேயே வாங்குங்கள். பித்தளையில் இருக்கும் செம்பு இறால் வளர்ப்பவர்களுக்கு ஆபத்து.

வெட்டிய முனையைப் பிசிறு நீக்கி, நுழைய வேண்டிய ஆழத்தைப் பென்சிலால் குறித்து, தடவி, கால் சுற்றுத் திருகி அரை நிமிஷம் பிடிக்க வேண்டும். 24 மணி நேரம் காய்ந்த பிறகு, வாளித் தண்ணீரை ஓட்டிக் கழுவிக் கொட்டிவிட்டுத்தான் தொட்டியோடு இணைக்க வேண்டும்; ஈரச் சொல்யூஷன் மீனைக் கொல்லும். ஒட்டிய ஒரு மணி நேரத்தில் தண்ணீர் விடுகிறவரை அங்கேயே நிறுத்துங்கள். ஃபில்டர் ஓர் இரவு நின்றிருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டி, மீடியாவை (வடிகட்டும் பொருட்களை) தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகே ஓட்டுங்கள்.

இம்பெல்லர் பில்லைக் கட்டவில்லை. போடாத யூனியனுக்கும் முக்கால் இஞ்ச் பைப்புக்கும் வாங்கிய பணத்தை எழுத்துமூலம் கேட்டும் கடை இன்னும் தரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்க, பில்லையும் அச்சு தெரியும் அரை இஞ்ச் துண்டையும் வெட்டிய எல்போவையும் எடுத்து வைத்திருக்கிறோம்.