சிபிடிடி-கேஏ தேர்வா, கேரன் பிரையர் அகாடமி படிப்பா? ஒரு நாய்ப் பயிற்சியாளரின் ஒப்பீடு

நாய்ப் பயிற்சியைத் தொழிலாகச் செய்ய இந்தியாவில் உரிமம் எதுவும் தேவையில்லை. நாய்களை இனவிருத்தி செய்து விற்பவர்களுக்கு 2017-ஆம் ஆண்டிலும், செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018-ஆம் ஆண்டிலும் மத்திய அரசு விதிகள் வகுத்தது. பயிற்சியாளர் அவற்றில் வரவில்லை. ஜெர்மனியில் 2014 முதல் பிறருடைய நாய்க்குத் தொழில்முறையில் பயிற்சி அளிக்க அரசு அனுமதி பெற்றாக வேண்டும். அமெரிக்காவிலோ பொதுவாக நம் ஊர் நிலைமைதான். பெயர்ப்பலகை மாட்டியவர் எல்லாரும் பயிற்சியாளர். அங்கே அந்த வெற்றிடத்தை நிரப்பத் தோன்றிய சான்றிதழ்களைத்தான் இன்று நம் ஊர்ப் பயிற்சியாளர்களும் நாடுகிறார்கள். கோவையில் வீடுவீடாகச் சென்று பயிற்சி அளித்துவரும் நானும் அவ்வாறே நாடினேன். தேர்வு எழுதிப் பெறும் சிபிடிடி-கேஏ (CPDT-KA) சான்றிதழ், கேரன் பிரையர் அகாடமியில் (சுருக்கமாக கேபிஏ) படித்துப் பெறும் கேபிஏ சிடிபி (KPA CTP) பட்டம் ஆகிய இரண்டுக்கும் இடையே ஓராண்டு தடுமாறி, முதலாவதைத் தேர்ந்தேன்.

பெயர்கள் ஒன்றுபோல் ஒலித்தாலும் இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. சிபிடிடி-கேஏ சான்றிதழை வழங்கும் சிசிபிடிடி, 2001-இல் தொடங்கப்பட்ட தேர்வு அமைப்பு, பள்ளி அன்று. எங்கே, யாரிடம் கற்றீர்கள் என்பது அதற்குப் பொருட்டில்லை. உங்களுக்கு என்ன தெரியும் என்பதையே சோதிக்கிறது. கேரன் பிரையர் அகாடமியோ பள்ளி. ஹவாயில் டால்பின்களுக்குப் பயிற்சி அளித்துப் புகழ்பெற்ற கேரன் பிரையரின் கிளிக்கர் முறையை (சரியாகச் செய்த கணத்தைச் சிறு கருவியின் ‘கிளிக்’ ஒலியால் குறித்துப் பரிசு தருவது) அடிப்படையாகக் கொண்ட அந்தப் படிப்பு சுமார் ஆறு மாதம் நடக்கும். இணையப் பாடங்களோடு நேரடிப் பட்டறைகளும் உண்டு. முடிவில் ஏட்டறிவோடு கைத்திறனையும் மதிப்பிட்ட பிறகே பட்டம் தருகிறார்கள். கற்பிப்பவரே மதிப்பெண்ணும் இடுவது ஒரு குறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. நம் பல்கலைக்கழகங்களும் அதைத்தானே செய்கின்றன?

செலவைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. தேர்வுக்குச் சில நூறு டாலர். படிப்புக்கு ஐயாயிரம் டாலருக்கு மேல், பட்டறை நடக்கும் ஊருக்குப் போய்வரும் செலவு தனி.

கேபிஏ படிப்பை நான் படித்ததில்லை என்பதால், அதைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அதை முடித்த தோழி ஒருவரை அருகிலிருந்து பார்த்ததன் பலன் மட்டுமே. ஒரு நாள் என்னிடம் கிளிக்கரைக் கொடுத்து, தாம் டென்னிஸ் பந்தைக் கீழே போடுவதாகவும், அது தரையைத் தொடும் கணத்தில் நான் அழுத்த வேண்டும் என்றும் சொன்னார். பத்து முறையில் ஆறு முறை தாமதித்தேன். அவர் பத்திலும் பிசகவில்லை. நாய் உட்காரும் கணத்துக்கும் பாராட்டு ஒலிக்கும் கணத்துக்கும் இடையே அரை நொடி கழிந்தாலே, அது உட்கார்ந்ததற்கு அல்லாமல் எழுந்ததற்குக் கூலி வாங்கிவிடும். சிபிடிடி-கேஏ தேர்வு இந்தத் திறனைப் பார்ப்பதே இல்லை. நான் எழுதியபோது மூன்று மணி நேரத்தில் 180 கொள்குறி வினாக்களுக்கு விடையளித்தேன். என் கைகளை யாரும் கேட்கவில்லை. கைத்திறனைக் கற்றுக்கொள்வதுதான் நோக்கம் என்றால் தோழியின் வழியே மேல். இதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆயினும் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே ஒரு தகுதி வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் குறைந்தது 300 மணி நேரம் பயிற்சி அனுபவம் இருக்க வேண்டும். அதில் 225 மணி நேரம் வகுப்பிலோ தனிப்பாடத்திலோ நேரடியாகக் கற்பித்ததாக இருக்க வேண்டும். நம் ஊரில் பயிற்சியாளர் காலை ஆறு மணிக்கு வந்து, வாசலில் நாயை வாங்கிக்கொண்டு, தெருவில் ‘சிட்’ (உட்கார்), ‘ஹீல்’ (காலருகே நட) என்று நடத்திவிட்டுத் திருப்பி ஒப்படைப்பார். உரிமையாளர் அப்போதுதான் காப்பிக்கு எழுந்திருப்பார். நாய் பயிற்சியாளருக்குப் படியும், வீட்டாருக்குப் படியாது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் பிழைத்தேன். தேர்வில் மனிதர்களுக்குக் கற்பிப்பதைப் பற்றிய வினாக்களும் வருகின்றன என்று அறிந்த பிறகே, வீட்டிலிருந்து ஒருவராவது உடன் நிற்காத நாளில் பாடம் எடுப்பதில்லை என்று விதித்துக்கொண்டேன்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது இவற்றில் எதுவும் அன்று, புதுப்பித்தல்தான். சிபிடிடி-கேஏ மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். அதற்குள் அங்கீகரிக்கப்பட்ட தொடர்கல்வியில் 36 புள்ளிகள் சேர்க்க வேண்டும். இல்லையேல் மீண்டும் தேர்வு எழுத வேண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரக் கல்விக்கு ஒரு புள்ளி; அதாவது மாதம் ஒரு மணி நேரம். கேட்க எளிதாகத் தோன்றும். ஆனால் நியூயார்க்கில் நண்பகலில் தொடங்கும் வகுப்பு குளிர்காலத்தில் நமக்கு இரவு பத்தரைக்குத் தொடங்கும், மறுநாள் ஐந்தரைக்கு முதல் நாய் காத்திருக்கும். முதல் சுற்றில் கடைசி நான்கு மாதங்களில் 15 புள்ளிகளை அள்ளிச் சேர்த்தேன். அந்த நாள்களில் நான் பாதித் தூக்கத்தில்தான் நடமாடினேன்.

அந்தக் கட்டாயம் இல்லாதிருந்தால், வலிக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய ஒரு வகுப்பில் நானாக உட்கார்ந்திருக்க மாட்டேன். அது முடிந்த சில வாரங்களில் நான்கு வயது லாப்ரடார் ஒன்று என்னிடம் வந்தது. உட்காரச் சொன்னால் உட்காராது, இடுப்பில் கை வைத்தால் உறுமும். “திமிர் சார், செல்லம் கொடுத்தே கெடுத்துட்டோம்” என்றார் வீட்டுக்காரர். பழைய நானாக இருந்தால் பின்புறத்தை அழுத்தி உட்கார வைத்திருப்பேன். அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது. அன்று பாடத்தை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் அனுப்பினேன். எக்ஸ்ரேயில் இரு இடுப்பு மூட்டுகளும் தேய்ந்திருப்பது தெரிந்தது. அந்த நாய்க்கு நான் ‘சிட்’ கற்பிக்கவே இல்லை.

இதற்கு நேர்மாறான அனுபவமும் எனக்கு உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வார இறுதிப் பயிற்சியில் சேர்ந்து, சட்டமிட்ட சான்றிதழ் ஒன்றை வாங்கினேன். அதற்குக் காலாவதித் தேதியே கிடையாது. நாய் நம்மை அடக்கி ஆளப் பார்க்கும், நாம்தான் தலைவன் என்று காட்ட வேண்டும் என்ற பாடமும் அதனோடு காலாவதியாகாமல் என் தலையில் ஐந்து ஆண்டுகள் இருந்தது.

ஜீன் டொனால்ட்சன் 1999-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய அகாடமி ஃபார் டாக் டிரெய்னர்ஸ் தரும் சிடிசி பட்டத்தையும் பலர் கேட்கிறார்கள். இன்று அது முழுவதும் இணையவழிப் படிப்பு. முடிக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டு பிடிக்கும். பாடத்தின் ஆழம் பற்றி நல்லதையே கேள்விப்பட்டிருக்கிறேன், அதற்கு மேல் பேச எனக்கு அனுபவமில்லை. குவாலியர் அருகே தேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படை நடத்தும் தேசிய நாய்ப் பயிற்சி மையம் படையினருக்கானது. மோப்ப நாய்ப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களின் பொறுமையையும் கண்காணிப்பையும் நான் மதிக்கிறேன். ஆனால் வெடிமருந்து தேடும் நாயும், அழைப்புமணி அடித்தால் குரைக்கும் அடுக்குமாடி வீட்டு நாயும் வெவ்வேறு பாடங்கள்.

பெயருக்குப் பின்னால் வரும் இந்தச் சான்றிதழ் எழுத்துகளை வாடிக்கையாளர்கள் கேட்பார்களா என்றால், கோவையில் இதுவரை இருவர் கேட்டிருக்கிறார்கள். இருவரும் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள். சென்னையிலும் பெங்களூரிலும் நிலைமை வேறாக இருக்கலாம். ஆகவே வருமானம் கூடும் என்று எண்ணி எழுதுபவர் ஏமாறக்கூடும். தொழிலுக்குப் புதியவர், கையில் பணமும் பட்டறைக்குச் செல்ல வசதியும் உள்ளவர் முதலில் கேபிஏ படித்துவிட்டுப் பின்னர் சிபிடிடி-கேஏ எழுதலாம். ஏற்கெனவே தொழிலில் இருப்பவர் இன்றே ஒரு நோட்டு வாங்கி, தேதி, நாய், உடன் நின்றவர், நேரம் என்று எழுதத் தொடங்க வேண்டும். பழைய 300 மணி நேரத்தை நினைவிலிருந்து தேடி எழுத நான் பட்ட பாடு அவருக்கு வேண்டாம். என் அடுத்த புதுப்பித்தலுக்கு இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. 36-இல் 19 சேர்ந்திருக்கிறது.