அப்பா வைத்திருந்த, ஆட்டக்காரர்கள் கையெழுத்திட்ட பேஸ்பால் கார்டுகளை அமெரிக்க ஏலத்தில் விற்ற கதை

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் கீழே வரும், குறையும் சொல்லப்போவதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. அமெரிக்காவில் விளையாட்டுப் பொருள்களை மட்டுமே ஏலம் விடும் நடுத்தர அளவு நிறுவனம், அவ்வளவு போதும்.

அப்பா சிங்கப்பூர் ஜூரோங்கில் எண்ணெய்த் துரப்பண மேடை கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர். அங்கே அவருக்கு மேலே இருந்த அமெரிக்க எஞ்சினியர் ஊர் திரும்பும்போது அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போன பேஸ்பால் கார்டுப் பெட்டி இது. அந்த எஞ்சினியர் சின்னப் பையனாக இருந்தபோது ஒவ்வொரு கார்டையும், தபால்தலை ஒட்டிய திரும்பு உறையோடு அந்தந்த ஆட்டக்காரருக்கே தபாலில் அனுப்பிக் கையெழுத்து வாங்கியவராம். அந்தக் காலத்துப் பிள்ளைகள் பலர் அப்படித்தான் சேர்த்தார்கள். பெரும்பாலும் 1950களின் கடைசி, 1960களின் டாப்ஸ் கார்டுகள், அதாவது ஆட்டக்காரர் படத்தோடு டாப்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் அச்சடித்தவை. அப்பா போன பிறகு பெட்டி எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு அலமாரியில் கிடந்தது, அம்மாவும் தங்கச்சியும் நானும் பேசி விற்பது என்று முடிவெடுத்தோம்.

முதலில் இங்கேயே விசாரித்தேன். சிங்கப்பூர் கார்டு கடைகளில் போக்கிமோன், என்பிஏ கூடைப்பந்து, கால்பந்துக்குத்தான் ஓட்டம், பழைய பேஸ்பாலுக்கு ஆள் குறைவு. ஒரு கடைக்காரர் கையெழுத்து யாருடையது என்றுகூடப் பார்க்காமல், பேனாவால் கிறுக்கியதால் கார்டே கெட்டுப்போச்சு என்று சொல்லி மொத்தப் பெட்டிக்கும் சேர்த்து அடிமாட்டு விலை கேட்டார். கொடுக்கவில்லை. இன்னொரு பக்கம் சொந்தக்காரர்கள், 1952 டாப்ஸ் மிக்கி மேன்டல் கார்டு 2022இல் 12.6 மில்லியன் அமெரிக்க டாலருக்குப் போன செய்தியைக் காட்டி ஆசையைக் கிளப்பினார்கள். அந்தக் கார்டில் கையெழுத்தே கிடையாது. மூலைகள் கூர்மையாக, புத்தம் புதிதாக இருந்ததற்காகக் கிடைத்த விலை அது. கையெழுத்துக் கார்டின் சந்தை வேறு. அங்கே மூலை மழுங்கியிருந்தாலும் பரவாயில்லை, கையெழுத்து உண்மையா, மை மங்காமல் இருக்கிறதா, முகத்தை மறைக்காமல் நல்ல இடத்தில் விழுந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். 'இன்னாருக்கு அன்புடன்' என்று ஒரு பெயர் சேர்த்து எழுதியிருந்தால் பெரும்பாலும் விலை இறங்கும்.

இந்த நிறுவனத்தை எனக்குப் பிடிக்கவைத்தது இதை அவர்கள் அறிந்து வேலை செய்த விதம்தான். கார்டின் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னார்கள், எப்படி நம் கைக்கு வந்தது என்று எழுதிக் கேட்டார்கள். அப்புறம் அவர்களுடைய நிபுணர் ஒவ்வொரு கார்டாகக் குறிப்பு எழுதினார். என் பெட்டியில் பெரிய கார்டு 1959 பாப் கிப்சன், அவருடைய முதல் டாப்ஸ் கார்டு. அந்த வருடத்துக் கார்டுகளில் ஆட்டக்காரரின் கையெழுத்தை டாப்ஸே படத்தின் மேல் அச்சடித்திருக்கும். நம் ஆட்கள் பலர் அதையே அசல் என்று எண்ணிவிடுவார்கள். கிப்சன் கார்டில் அந்த அச்சுக் கையெழுத்துக்குக் கீழே நீல பால்பாயின்ட்டில் அவர் போட்ட கையெழுத்து தனியாக இருக்கிறது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் பேனா அழுத்திய பள்ளம் தெரியும், 'பி'யின் சுழியில் மை கொஞ்சம் திரண்டு நிற்கும். நிபுணர் அதைக் கவனித்து எழுதியிருந்தார், பால்பாயின்ட் என்பது அந்தக் காலத்துக்குப் பொருந்துகிறது என்றும் குறித்திருந்தார். இன்று பலர் கையெழுத்துக்குப் பயன்படுத்தும் ஷார்ப்பி என்ற மார்க்கர் பேனா சந்தைக்கு வந்ததே 1964இல்தான். ஆகவே 50களில் போட்டது என்று சொல்லி ஷார்ப்பி கையெழுத்தை நீட்டினால் அங்கேயே சந்தேகம் வந்துவிடும்.

சோதனைக்கு, கார்டையும் கையெழுத்தையும் பார்த்துச் சான்று தரும் பிஎஸ்ஏ என்ற அமெரிக்க நிறுவனத்திடம் அவர்களே அனுப்பினார்கள், கட்டணத்தை விற்ற பணத்தில் கழித்துக்கொண்டார்கள். கார்டுக்கு ஒரு மதிப்பெண், கையெழுத்துக்கு ஒரு மதிப்பெண் என்று பத்துக்கு இரண்டும் போட்டுக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் பூட்டி வருகிறது. இதற்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். 1990களில் எஃப்பிஐ 'ஆபரேஷன் புல்பென்' என்று போலிக் கையெழுத்துக் கும்பல்களை வளைத்தபோது அன்னை தெரசா கையெழுத்திட்டதாக ஒரு பேஸ்பால் பந்தே அகப்பட்டது. அப்படிப்பட்ட தொழில் இது, சான்று இல்லாத கையெழுத்துக்கு யாரும் நல்ல விலை தரமாட்டார்கள்.

கமிஷன் கணக்கை முதலிலேயே தெளிவாகப் பேசிவிடுங்கள். எனக்குக் கிடைத்த ஒப்பந்தப்படி, ஏலச் சுத்தியல் 1,000 டாலருக்கு விழுந்தால் வாங்குபவர் 20 சதவீதம் கூடச் சேர்த்து 1,200 கட்டுவார், என்னிடம் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு 900 தருவார்கள். அவர்கள் இணையத்தில் போடும் 'விற்ற விலை' அந்த 1,200தான், அதைப் பார்த்து மனக்கணக்குப் போட்டால் ஏமாற்றமாக இருக்கும்.

இப்போது குறைகள். கிப்சனையும் இன்னும் இரண்டு மூன்று பேரையும் தவிர மீதி எல்லாவற்றையும் ஒரே கட்டாக விட்டுவிடலாம் என்றார்கள். அவர்களுக்கு அது சுலபம், நமக்கு நஷ்டம். 1957 புரூக்ஸ் ராபின்சன் அந்தக் கட்டுக்குள் போகப் பார்த்தது, அவருடைய முதல் டாப்ஸ் கார்டு, பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் பெற்ற ஆள்! நான் பிடிவாதமாகத் தனியாக எடுக்கவைத்தேன், அது நன்றாகவே போனது. அடுத்தது, பட்டியல் படங்கள். பிளாஸ்டிக் மேல் வெளிச்சம் பட்டு ஒரு கையெழுத்து பாதி மறைந்திருந்தது. மின்னஞ்சல் போட்டு நாட்கணக்கில் மூச்சே இல்லை, ஏலம் திறந்த பிறகுதான் மாற்றினார்கள். பணமும் ஒப்பந்தத்தில் சொன்ன தேதியைத் தாண்டித்தான் வந்தது. பொருளைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒரு வரி பதில் எவ்வளவு ஆறுதல் என்பதை அவர்கள் யோசிக்க வேண்டும். இதற்குத்தான் அந்த ஒரு நட்சத்திரம்.

ஏல நாளைப் பற்றிச் சும்மா சொல்லக் கூடாது, அருமை. கோடைக்காலத்தில் நியூயார்க்கில் இரவு 10 என்றால் நமக்கு மறுநாள் காலை சரியாக 10. முடிவு நேரம் வந்ததும் மூடிவிடமாட்டார்கள், கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் நீண்டுகொண்டே போகும், கேள்வி ஓய்ந்தால்தான் முடிவு. கிப்சனுக்கு இரண்டு பேர் விடாமல் மோதி ஆயிரம் டாலரைத் தாண்டினார்கள். பட்டியலில் அவர்கள் எழுதிய குறிப்பும் அதற்கு உதவியது என்று நம்புகிறேன்: 1968இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்காக 1.12 சராசரியோடு (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன், குறைந்தால் நல்லது) பந்து வீசியவர், பந்து வீச்சின் கை ஓங்கியதால் அடுத்த ஆண்டே பிட்சர், அதாவது பந்து வீசுபவர், நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள், 2020இல் காலமானார் என்று சுருக்கமாக, மிகைப்படுத்தாமல். வீட்டில் அம்மா அந்தக் குறிப்பைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

நம் ஊரிலிருந்து அனுப்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வெளிநாட்டு விற்பனையாளர் என்பதால் டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவம் கேட்பார்கள், நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். டாலர் காசோலை வேண்டாம், வங்கிக்கு நேராக டெலிகிராபிக் ட்ரான்ஸ்ஃபர் கேளுங்கள், சிங்கப்பூர் வெள்ளிக்கு மாற்றும்போது வங்கி பிடிப்பதையும் கணக்கில் வையுங்கள். கூரியர் காப்பீடு சேகரிப்புப் பொருளுக்குச் செல்லுமா என்று எழுத்தில் வாங்குங்கள், முழு மதிப்புக்கும் எல்லோரும் தருவதில்லை.

பழைய பிவிசி ஆல்பத் தாளில் கார்டு இருந்தால் இன்றைக்கே வெளியே எடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அது கார்டோடு ஒட்டிக்கொண்டு மையையும் உரித்து எடுத்துவிடும், என் பெட்டியில் இரண்டு நல்ல கையெழுத்து அப்படித்தான் போயிற்று. மெல்லிய உறைக்குள் போட்டு, கொஞ்சம் வளையக்கூடிய கார்டு சேவர் என்ற பிளாஸ்டிக் உறையில் செருகி, கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ட்ரை கேபினட் (ஈரம் போக்கும் அலமாரி) கிடைத்தால் அதற்குள், இல்லையென்றால் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வெயில் படும் சுவரில் சட்டம் போட்டு மாட்டவே வேண்டாம், நீல மை சீக்கிரம் வெளுத்துவிடும்.