சிங்கப்பூர்ல பிரைவேட் பிசினஸ் காலேஜ், ரெண்டு வருஷம் படிச்சு முடிச்சவன் சொல்றேன்

போன வாரம் சித்தப்பா பையன் வாட்ஸப்ல கேட்டான், அண்ணே நீங்க படிச்ச காலேஜ்லயே எனக்கும் சீட் வாங்கித் தரேன்னு ஏஜென்ட் சொல்றாரு சேரலாமான்னு. அவனுக்கு வாய்ஸ் மெசேஜ்ல கொட்டுனத கொஞ்சம் நிதானமா எழுதுறேன். காலேஜ் பேரு வேணாம். பிசினஸ் டிப்ளமோ, அதுக்கு மேல யூகே யூனிவர்சிட்டி டாப்-அப் டிகிரி (டிப்ளமோவுக்கு மேல கொஞ்ச காலம் படிச்சு டிகிரியாக்குறது), சிங்கப்பூர்ல பென்கூலன் பக்கம் ஒரு ஆபீஸ் பில்டிங்ல ரெண்டு மாடிதான் காலேஜே. இதெல்லாம் ப்ரோஷர்லயே இருக்கும்.

ப்ரோஷர்ல இல்லாத ஒண்ணுதான் என்ன ரெண்டு வருஷமும் அரிச்சுது. பிரைவேட் காலேஜ் ஸ்டூடண்ட் பாஸ்ல, அதாவது படிக்கிறதுக்கான அனுமதில வந்தா இங்க பார்ட் டைம் வேலை செய்யவே கூடாது, லீவுலயும் கூடாது. என்யூஎஸ் (சிங்கப்பூர் நேஷனல் யூனிவர்சிட்டி), பாலிடெக்னிக் மாதிரி இடத்துல படிக்கிறவங்க காலேஜ் நடக்கும்போதே வாரம் 16 மணி நேரம் செய்யலாம், நமக்கு ஒரு மணி நேரம் கூட கிடையாது, மாட்டுனா 20,000 சிங்கப்பூர் டாலர் வரைக்கும் ஃபைன், இல்லன்னா 2 வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம். இது ரகசியம் இல்ல, அரசாங்கமே வெப்சைட்ல போட்டுருக்கு. ஆனா தஞ்சாவூர்ல ஏஜென்ட் ஆபீஸ்ல எங்கப்பாகிட்ட "சாப்பாட்டுச் செலவ பையனே பாத்துப்பான் சார், பார்ட் டைம் நெறய இருக்கு"ன்னாங்க. அத நம்பித்தான் அம்மா நகை பேங்குக்கு போச்சு.

கிளாஸ் முடிஞ்சு சிராங்கூன் ரோடு வழியாத்தான் ரூமுக்கு நடப்பேன். ஒரு ஹோட்டல் வாசல்ல "ஆள் தேவை"ன்னு தமிழ்லயே எழுதி ஒட்டியிருப்பாங்க. உள்ள போயி ரெண்டு மணி நேரம் டேபிள் துடைச்சா அன்னிக்கு சாப்பாட்டுக்கு ஆச்சு, ஆனா முடியாது, தினமும் அதப் பாத்துக்கிட்டே தாண்டிப் போகணும். மாசக் கடைசில வீட்டுக்கு போன் போட்டு காசு கேட்டா அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு, நாளைக்கு போட்டுவிடுறேம்பாரு. இப்ப நெனச்சாலும் தொண்டைய அடைக்குது.

இத காலேஜ் மேல போட்டா பாவம், சட்டம் அவங்க போட்டது இல்ல. ஆனா அட்மிஷனுக்கு முன்னாடி வீடியோ கால்ல பேசுன கவுன்சிலர் ஒரு வரி சொல்லியிருக்கலாம்ல? அட்டெண்டன்ஸ் 90 சதவீதத்துக்கு கீழ போனா பாஸுக்கே ஆபத்துன்னு மட்டும் மூணு தடவ சொன்னாங்க.

படிப்புல குறை சொல்ல மாட்டேன். அக்கவுண்டிங் எடுத்த மேடம், என் மொத அசைன்மெண்ட்ட டர்னிட்டின்ல (காப்பி அடிச்சத கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர்) போட்டு பக்கம் பூரா கலர் கலரா வந்தப்ப திட்டல, கிளாஸ் முடிஞ்சு ஒரு மணி நேரம் உக்காந்து அடுத்தவங்க எழுதுனத எப்படி நம்ம வார்த்தைல சொல்றது, எங்க ரெஃபரன்ஸ் போடுறதுன்னு வரி வரியா சொல்லிக் குடுத்தாங்க. பி.காம் மூணு வருஷத்துல யாரும் எனக்கு அத செஞ்சதில்ல. வியட்நாம், மியான்மர் பசங்களோட குரூப் பிராஜெக்ட் பண்ணித்தான் எனக்கு இங்கிலீஷ் பேசவே வந்துச்சு. கட்டுன ஃபீஸுக்கு பாதுகாப்புத் திட்டம் இருக்கு, காலேஜ இழுத்து மூடுனாலும் காசு அப்படியே போயிடாது, அதுவும் பெரிய விஷயம்.

படிச்சு முடிச்சா அங்கேயே வேலை கிடைக்குமான்னும் கேட்டான். 2025 ஜனவரிலேர்ந்து எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு (டிகிரி வேலைக்கான அனுமதி) மாசம் கொறஞ்சது 5,600 டாலர் சம்பளம் வேணும், ஃப்ரெஷருக்கு அத யாரு குடுப்பா. நான் ஊருக்கு திரும்பிட்டேன், திருச்சில வேலை, அந்த மேடம் சொல்லிக் குடுத்ததுலதான் ஓடுது.

இவ்ளோ நல்லது சொல்லிட்டும் அவன்கிட்ட வராதடான்னுதான் சொன்னேன். சித்தப்பாகிட்ட ரெண்டு வருஷத்துக்கு ஃபீஸுக்கும் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கடன் வாங்காம காசு இருந்தா மட்டும் பேசலாம். அதுக்கு முன்னாடி ஏஜென்ட்கிட்ட "பார்ட் டைம் வேலை செய்யலாம்"னு லெட்டர்ஹெட்ல எழுதி கையெழுத்து போட்டுத் தரச் சொல்லுன்னேன். நேத்து போயி கேட்டிருக்கான். அதெல்லாம் எழுதிக் குடுக்குற வழக்கம் இல்ல தம்பின்னு அனுப்பிட்டாங்களாம்.