55-ஆ, 65-ஆ? சோபாவிலிருந்து அளந்து பாருங்கள்

ஹாலுக்கு டிவி வாங்கும் பேச்சு கடைசியில் 55 அங்குலத்துக்கும் 65 அங்குலத்துக்கும் இடையில்தான் வந்து நிற்கும். இரண்டும் 4கே, இரண்டிலும் ஓடுவது அதே ஆப்கள். அதில் அலச ஒன்றுமில்லை. முடிவு செய்வது கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரம். அது 2 மீட்டரைத் தாண்டினால் நம் ஓட்டு 65-க்கே.

தப்பு நடப்பது அளக்கும்போதுதான். சுவருக்குச் சுவர் டேப் பிடித்து, ‘பத்தடி இருக்கு’ என்று முடித்துவிடுகிறார்கள். பத்தடி என்றால் 305 செ.மீ. சோபா சுவரை ஒட்டிக் கிடந்தாலும், அதன் முதுகு, நம் தலை எல்லாம் சேர்த்தால் கண் 40 செ.மீ. முன்னால் வந்துவிடும். எதிரே மேசைமேல் நிற்கும் டிவியும் சுவரை விட்டு 25 செ.மீ. தள்ளித்தான் இருக்கும். மிஞ்சுவது 240. சுவரில் மாட்டினால் பத்து, பதினைந்து செ.மீ. திரும்பக் கிடைக்கும்.

இனி பெருக்கல். திரையின் மூலைவிட்ட அளவை (55, 65 என்பது அதுதான்) 1.2-ஆல் பெருக்கினால் வருவது கிட்ட உட்காரும் எல்லை, 1.6-ஆல் பெருக்கினால் எட்ட உட்காரும் எல்லை. 55-க்கு (140 செ.மீ.) இது 168 முதல் 224 வரை. 65-க்கு (165 செ.மீ.) 198 முதல் 264 வரை. ஆக, அந்தப் ‘பத்தடி’ ஹாலில் 55 எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. பத்து அங்குலம்தானே என்று தோன்றும். திரைப் பரப்பு 40 சதவீதம் கூடுகிறது.

55-க்கும் நியாயம் உண்டு. தூரம் 2 மீட்டருக்குள் என்றால் யோசிக்கவே வேண்டாம், அதுதான். வீட்டில் பெரும்பாலும் பழைய எஸ்டி (தெளிவு குறைந்த) சேனல்கள்தான் ஓடுமென்றாலும் அதையே பார்க்கலாம். அவற்றின் 576 வரிப் படத்தை 65-இல் விரித்தால் முகங்கள் மெழுகு பூசினாற்போல் மழுங்கும். 55-இலும் மழுங்கத்தான் செய்யும், கொஞ்சம் குறைவாக.

உயரத்தில் 65 கொஞ்சம் படுத்தும். திரையின் நடுப்பகுதி உட்கார்ந்தவர் கண்மட்டத்துக்கு, அதாவது தரையிலிருந்து 100–110 செ.மீ.க்கு வர வேண்டும். திரை உயரம் மட்டும் 81 செ.மீ. இருப்பதால், மேசை 60-ஐத் தாண்டக் கூடாது. ஏற்கெனவே 75 செ.மீ. மேசை இருந்தால் அதை எடுத்துவிட்டுச் சுவரில் மாட்டுங்கள்; இல்லையென்றால் கழுத்துதான் வலிக்கும். மேசையிலேயே வைப்பதானால் கால்களின் இடைவெளியையும் பாருங்கள். பல மாடல்களில் அவை இரு ஓரத்திலும் இருக்கும், குட்டை மேசையில் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும்.

சந்தேகமிருந்தால் செய்தித்தாளை 65-இன் திரை அளவான 144-க்கு 81 செ.மீ.க்குச் சேர்த்து ஒட்டிச் சுவரில் மாட்டி, இரண்டு நாள் விட்டுவையுங்கள். சுவிட்ச்போர்டு மறைகிறதா, பக்கத்துக் கதவு முழுசாகத் திறக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.