பல்லடம் பக்கம் தோட்டத்துல போட்ட 20க்கு 40 தகர ஷெட், ஒரு ஆடிக்காத்து பாத்த பிறகு எழுதறேன்

போன மாசி மாசம் தோட்டத்துல சாமான் வைக்க ஒரு ஷெட் போட்டோமுங்க. 20 அடிக்கு 40 அடி, ஓரத்துல 11 அடி நடுவுல 14 அடி உசரம், பத்து பைப் தூணு, மேல கலர் ஷீட்டு. உள்ள ரொட்டவேட்டரு, சொட்டுநீர் பைப் சுருள், தேங்காய், மாட்டுக்கு சோளத்தட்டு இதெல்லாம் கிடக்கு. சதுர அடி 260 ரூபாய்னு பேசி 2,08,000 ஆச்சு, அது போக நானா கேட்டு வாங்கின கூடுதல் வேலைக்கு 16,000. ஷெட் போட்டுக் குடுத்த பட்டறைக்காரர் பேரு போடல, உள்ளூர்க்காரர், நாளைக்கும் மூஞ்சில முழிக்கணும், இன்னும் பாக்கி வேலை வேற இருக்கு.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். வெல்டிங் சுத்தம். ட்ரஸ், அதான் கூரையத் தாங்கற முக்கோண இரும்புச் சட்டம், ஒவ்வொண்ணும் ஜாயிண்ட்டை சுத்தி முழுசா அடிச்சிருக்காங்க, அங்கங்க ஒரு பொட்டு வெச்சுட்டு ரெட் ஆக்சைடு பூசி மறைக்கற வேலை எதுவும் இல்ல, நானே ஏணி போட்டு ஏறி பாத்தேன். ஜெனரேட்டர் அவங்களே கொண்டு வந்தாங்க, தோட்டத்து ஃப்ரீ கரண்ட்ல கொக்கி போடலாம்ணான்னு ஒரு பையன் கேட்டதுக்கு அவரே திட்டி விட்டாரு. அதுக்கு ஒரு மார்க் கூட.

இப்ப சங்கடத்துக்கு வர்றேன். தூணு நடற குழி. இவரு எல்லாருக்கும் ஒரே குழிதான் போடுவாராம், ஒண்ணரை அடி சதுரம், ரெண்டு அடி ஆழம். "பத்து வருசமா இப்படித்தாங்ணா போடறேன், ஒண்ணும் ஆகல"ன்னாரு. எங்க மாமா கல்லுக்கால் நட்ட கை, அவரு பக்கத்துல நின்னு கேட்டுட்டு "ஏனுங் மாப்ள, வேலிக்கல்லுக்கே மூணுல ஒரு பங்கு மண்ணுக்குள்ள போகோணும், இதென்ன ஆட்டுக்கு முளைக்குச்சி அடிக்கற மாதிரி அடிக்கறாங்க"ன்னுட்டு போயிட்டாரு. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல, ஏன்னா நம்ம ஊரு பாலக்காட்டு கணவாய்க்கு நேரா இருக்குது, ஆனி ஆடில மேக்க இருந்து அடிக்கற காத்துக்குத்தான் கேத்தனூர் பூளவாடி பக்கமெல்லாம் கரண்ட் எடுக்கற காத்தாடி நட்டு வெச்சிருக்கான்.

சரின்னு உக்காந்து கணக்கு போட்டேன். கட்டடத்துக்கு காத்து எவ்வளவு அழுத்தும்னு கணக்கு போடற இந்திய தரக் குறியீடு ஐஎஸ் 875 மூணாவது பாகத்துல கோயம்புத்தூருக்கு காத்து வேகம் செகண்டுக்கு 39 மீட்டர்னு போட்டிருக்கு, மணிக்கு 140 கிலோமீட்டர். அந்த வேகத்துல சதுர அடிக்கு சுமார் எட்டரை கிலோ அழுத்தம் வருது. நம்ம ஷீட்டோ சதுர அடிக்கு அரை கிலோ கூட இல்ல. ஒரு தூணு தாங்கற கூரை 100 சதுர அடின்னா காத்து அதை 850 கிலோ அளவுக்கு மேல்நோக்கி தூக்கும். இஞ்சினியர் கணக்குல இன்னும் நெளிவு சுளிவு இருக்கு, இது சும்மா தோராயம். ஒரு கன அடி கான்கிரீட்டு 68 கிலோ, அப்போ அவரு குழில விழறது 300 கிலோ. ரெண்டு அடி சதுரம் மூணு அடி ஆழம்னு தோண்டினா 800 கிலோ. நாம எல்லாரும் ஷெட்டு நம்ம தலைல விழுந்துரக் கூடாதுன்னு மட்டும்தான் யோசிக்கறோம், அது மேல பறக்கும்னு யோசிக்கறதே இல்ல. அந்த 16,000 இந்த குழிக்குத்தான் போச்சு. அவரு மூஞ்சி சுளிச்சாரு, ஆனா காசு குடுத்ததும் செஞ்சாரு, அதுலயும் தூணை சுத்தி கான்கிரீட்ட தரைக்கு மேல அரை அடி தூக்கி கூம்பு மாதிரி பூசிக் குடுத்தாரு, மண்ணும் பைப்பும் சேர்ற எடத்துலதான் முதல்ல துரு புடிக்கும்ங்கறது அவருக்கு தெரிஞ்சிருக்கு. கேக்காமயே செஞ்சாரு, அதையும் சொல்லணும்.

இன்னொரு சண்டை அடைப்புக்கு. வண்டித்தடம் மேக்கால இருக்கறதால அந்தப் பக்கம் ஓப்பனா விட்டுட்டு மத்த மூணு பக்கமும் ஷீட் அடிச்சுரலாம்னாரு. அப்படி பண்ணியிருந்தா மேக்காத்து உள்ள புகுந்து வெளிய போக வழியில்லாம கூரைய கீழ இருந்து முட்டும், மேல காத்து உறிஞ்சும், ரெண்டும் ஒண்ணா சேரும். நான் மேக்கால மட்டும் அடைச்சு மூணு பக்கம் விட்டுட்டேன். டிராக்டர் ஒரு சுத்து சுத்தித்தான் உள்ள வரணும், பரவால்ல.

யூடியூப்ல அமெரிக்காக்காரன் போடற போல் பார்ன், அதான் மரக்கால் நட்டு கட்டற ஷெட், வீடியோவெல்லாம் பாத்துட்டு மரக்காலே நட்டரலாமான்னு ஒரு ஆசை இருந்துச்சு, சவுக்கு விலையும் குறைவு. அவன் மருந்து ஏத்தின மரத்தை நடறான், இங்க பச்சை சவுக்கை நட்டா ரெண்டு மழைல கரையான் தின்னுட்டு போயிரும்.

ஷீட் விசயத்துல ஏமாந்தது நானுங்க. 0.50 எம்எம்னு பேசினேன், வந்ததும் 0.50தான், ஆனா அது பெயிண்ட்டு, கோட்டிங் எல்லாம் சேத்து 0.50, உள்ள இரும்பு மட்டும் 0.45. லேத் பட்டறைல ஸ்க்ரூ கேஜ் வெச்சு பாத்தப்பதான் புரிஞ்சுது. பேசும்போதே இரும்பு மட்டும் எவ்வளவுன்னு கேட்டு பில்லுல எழுதி வாங்குங்க, ஷீட்டுக்கு பின்னாடி கம்பெனி பேரும் தடிமனும் பிரிண்ட் பண்ணியிருந்தா அதையும் இறக்கும்போதே படிச்சுருங்க.

கடுப்பான விசயம் ஒண்ணு இருக்கு. ஓரம் நீட்டிக்கிட்டு இருந்த ஷீட்டை ஒரு பையன் கூரை மேலயே உக்காந்து கிரைண்டர் போட்டு அறுத்தான். பொறி பறந்து ஷீட் மேல விழுந்துச்சு, யாரும் தொடைக்கல. சித்திரைல ஒரு கோடைமழை, மறுநாள் காலைல ஏறி பாத்தா நீலக் கலர் ஷீட்டு மேல மிளகுத்தூள் தூவின மாதிரி பழுப்புப் புள்ளி, அறுத்த ஓரம் பூரா பெயிண்ட்டு பொசுங்கி சிவப்பா கோடு. ஸ்க்ரூ ஓட்டை போட்ட இரும்புத்தூளும் அப்படியே துரு புடிச்சு ஒட்டிக்கிச்சு. கத்திரி வெச்சு வெட்டியிருக்கணும், சாயங்காலம் கீழ இறங்கறதுக்கு முன்னாடி ஒரு தொடப்பம் போட்டு கூட்டியிருக்கணும், அவ்வளவுதான் வேலை. ஸ்க்ரூவும் சிலது ஓவர் டைட்டு, ரப்பர் வாஷர் வெளிய பிதுங்கி கிழிஞ்சு போயி ஏழு எடத்துல ஒழுகுச்சு, நானே 14 ஸ்க்ரூ மாத்தினேன்.

எட்டு நாள்ல முடிக்கறேன்னாரு, 23 நாள் ஆச்சு. நடுவுல ரெண்டு முகூர்த்தம், ஒரு கோயில் நோம்பி, கேட்டா "ஆள் இல்லீங்ணா".

ஆடி வந்துச்சு. மூணு நாள் ராத்திரி விடாம அடிச்சுது, பக்கத்து தோட்டத்துல கோழிச்சாளை ஓலைக்கூரை பாதி எங்க கடலைக்காட்டுல கிடந்துச்சு. நம்ம ஷெட்டுல மேக்கால அடைப்பு மட்டும் விடிய விடிய கடகடன்னு சத்தம், காலைல போயி தூணு தூணா சுத்தி பாத்தேன், ஒண்ணுல கூட கான்கிரீட்ட சுத்தி மண்ணு விடல. மாமா வந்து ஒரு தூணை கையால ரெண்டு தட்டு தட்டிட்டு ஒண்ணும் சொல்லாம சோளத்தட்டு எடுத்துட்டு போனாரு.

அஞ்சுக்கு மூணரை ஸ்டார் குடுப்பேன். இரும்பு வேலைக்கு கண்ணை மூடிட்டு இவரை கூப்பிடலாம், கூரை ஏறும்போது மட்டும் கூடவே நில்லுங்க. கூரைத்தண்ணி விழற கட்டர், அதான் ஓரத்து தகர வாய்க்கால், இன்னும் மாட்டல, அதுக்காக 8,000 நிறுத்தி வெச்சிருக்கேன். ஆயுத பூஜைக்கு முன்னாடி வந்துடறேன்னு சொல்லியிருக்காரு, எந்த வருசத்து ஆயுத பூஜைன்னு கேக்க மறந்துட்டேன்.