கூச்சலுக்கு இடம் விடாத மறுஆக்கம்: ராக்கி ஹாரர், 2016

அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சி 2016 அக்டோபர் 20 அன்று, ஹாலோவீன் பருவத்தைக் குறிவைத்து ஒளிபரப்பிய ‘தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ: லெட்ஸ் டூ தி டைம் வார்ப் அகெய்ன்’ என்ற இசைப்படம், 1975இல் வெளிவந்த மூலப்படத்தின் மறுஆக்கம். ‘ஹைஸ்கூல் மியூசிக்கல்’ படங்களால் பெயர்பெற்ற கென்னி ஓர்டேகா இயக்கியிருக்கிறார். மழையிரவில் வண்டி பழுதாகி, விசித்திரமான மாளிகை ஒன்றில் தஞ்சம் புகும் பிராட், ஜேனட் என்ற இளஞ்ஜோடியின் கதை இது. அந்த மாளிகையின் தலைவனும் நாயகப் பாத்திரமுமான ஃப்ராங்க்-என்-ஃபர்ட்டராக லாவெர்ன் காக்ஸ் நடித்திருக்கிறார். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓடும் இந்தப் படத்தில் பாடல்கள் பழுதில்லாமல் பாடப்பட்டிருக்கின்றன, நடனங்கள் அளவெடுத்து அமைக்கப்பட்டிருக்கின்றன, அரங்குகளிலும் உடைகளிலும் செலவு தெரிகிறது. ஆனாலும் மூலப்படத்தைப் பல ஆண்டுகளாகக் கொண்டாடிவரும் ரசிகர்களில் பெரும்பாலானோருக்கு இது பிடிக்கவில்லை. அவர்களுடைய ஏமாற்றம் நியாயமானது என்றே கருதுகிறேன். அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்தைத்தான், அதாவது ‘பழையதைத் தொட்டாலே இவர்களுக்குக் கோபம் வரும்’ என்பதைத்தான், என்னால் ஏற்க முடியவில்லை.

மூலப்படம் எவ்வாறு புகழ்பெற்றது என்பதைச் சொல்லாமல் இந்த ஏமாற்றத்தை விளக்க இயலாது. ரிச்சர்ட் ஓ’பிரையன் எழுதிய மேடை இசைநாடகம் 1973இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கின் மாடியில், சுமார் 60 பேர் மட்டுமே அமரக்கூடிய சிறிய கூடத்தில் அரங்கேறி, பெரிய வெற்றி பெற்றது. நியூயார்க்கின் பிராட்வேயில் 1975இல் அதே நாடகம் 45 காட்சிகளுடன் நின்றுபோனது. அதே ஆண்டில் ஜிம் ஷார்மன் இயக்கத்தில் வெளிவந்த திரைப்படமும் தொடக்கத்தில் தோல்விதான். 1976 ஏப்ரலில் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியிலிருந்த வேவர்லி திரையரங்கில் நள்ளிரவுக் காட்சியாகத் திரையிடத் தொடங்கிய பிறகே நிலைமை மாறியது. திரும்பத் திரும்ப வந்து பார்த்தவர்கள் மெல்ல மெல்லத் திரையோடு பேசத் தொடங்கினார்கள். கொட்டும் மழையில் ஜேனட் தலைக்கு மேல் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது, ஒரு குடை வாங்கக்கூட மனமில்லாத கஞ்சத்தனத்தை ஏசி ஒருவர் கத்த, மறுவாரம் அரங்கே சேர்ந்து கத்தியது. பிறகு திருமணக் காட்சியில் அரிசி எறிவதும், மழைக் காட்சியில் நீர்த்துப்பாக்கியால் ஒருவரையொருவர் நனைப்பதும், உணவு மேசைக் காட்சியில் வறுத்த ரொட்டித் துண்டுகளை வீசுவதும், பாத்திரங்களைப் போலவே உடையணிந்த ரசிகர் குழு திரைக்கு முன்னால் நின்று படம் முழுவதையும் நடித்துக்காட்டுவதும் மரபாயின. மியூனிக் நகரத்துத் திரையரங்கு ஒன்று 1977 முதல் இந்தப் படத்தைத் திரையிட்டு வருகிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 2005இல் இடம்பெற்ற இப்படம், உலகிலேயே மிக நீண்ட காலம் திரையரங்குகளில் ஓடிவரும் படமாகக் கருதப்படுகிறது.

இந்தக் கூச்சல் மரபு உருவானதற்கு ரசிகர்களின் குறும்பு மட்டுமே காரணமன்று. படத்தின் அமைப்பும் அதற்கு இடம் கொடுத்தது. வீட்டில் தனியாக அமர்ந்து முதன்முறை பார்ப்பவருக்கு மூலப்படம் பல இடங்களில் இழுவையாகத் தெரியும். ஒருவர் ஒரு வசனத்தைச் சொல்லி முடித்ததும் மற்றவர் பதில் சொல்வதற்குள் வெற்றிடம் ஒன்று விழுகிறது. கேமரா காரணமில்லாமல் ஒரு முகத்தில் நிற்கிறது. கதைசொல்லியாக வரும் சார்லஸ் கிரே, சட்ட அறிக்கை வாசிப்பவரைப் போலச் சொல்லுக்குச் சொல் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார். படத்தொகுப்பின் குறையென்று 1975இல் எண்ணத்தக்க இந்த இடைவெளிகள்தாம் நள்ளிரவுக் காட்சியில் ரசிகர்களின் சொத்தாக மாறின. பாதியில் நிற்கும் வாக்கியத்தை அரங்கு முடித்துவைக்கிறது. முடிந்த வாக்கியத்துக்கு அரங்கு கேள்வி கேட்க, அடுத்த வாக்கியம் அதற்கு விடையாகிவிடுகிறது. திட்டமிட்டு எழுதியிருந்தால் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்குமா என்பது ஐயமே.

மறுஆக்கத்தின் அடிப்படைத் தவறு இங்கேதான் நேர்ந்திருக்கிறது. ஓர்டேகா நடன அமைப்பாளராகப் புகழ்பெற்றவர். தாளம் தவறுவதை அவர் விரும்பமாட்டார். ஆகவே இடைவெளிகளையெல்லாம் இறுக்கி, வசனத்தின் காலடியிலேயே அடுத்த வசனத்தை நிறுத்தியிருக்கிறார். அத்துடன் விட்டிருந்தாலும் பொறுத்திருக்கலாம். படத்துக்குள்ளேயே ஒரு திரையரங்கை அமைத்து, அதில் ஒரு ரசிகர் கூட்டத்தை உட்காரவைத்து, உரிய இடங்களில் அந்தக் கூட்டம் கத்துவதையும் பொருள்களைத் தூக்கிக்காட்டுவதையும் அவ்வப்போது வெட்டிக் காட்டியிருக்கிறார். ரசிகர் மரபுக்கு மரியாதை செய்யும் எண்ணத்தில்தான் இது சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் விளைவு நேர்மாறானது. பார்ப்பவர் வாயைத் திறப்பதற்கு முன்பே திரையில் இருப்பவர் அதைக் கத்திவிடுகிறார். அதுவும் ஒளிபரப்புக்கு ஏற்றவாறு தணிக்கை செய்யப்பட்ட, பல்லில்லாத கூச்சல். விருந்தாளியை அழைத்து இலை போட்டு, பிறகு அவர் முன்னாலேயே வேறொருவரை உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்வதைப் போன்ற உபசாரம் இது. ரசிகர்களுடைய எரிச்சலின் வேர் இதுவே என்பது என் கணிப்பு. பலர் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாமல் ‘உயிரில்லை’, ‘பளபளப்பு அதிகம்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள்.

நேரடி ஒளிபரப்பாக இதைச் செய்திருக்கலாம் என்ற வாதம் வலுவானது. அதே ஃபாக்ஸ் நிறுவனம் அதே ஆண்டு ஜனவரியில் ‘கிரீஸ்’ இசைநாடகத்தைப் பார்வையாளர்கள் முன்னிலையில் நேரடியாக நடத்தி ஒளிபரப்பி நல்ல பெயர் வாங்கியிருந்தது. தவறு நேரக்கூடும் என்ற பதற்றமும், மேடையில் உள்ளவர் கூட்டத்தின் குரலுக்குத் தக்கபடி நின்று பேச வேண்டிய கட்டாயமும் ராக்கி ஹாரருக்கு ‘கிரீஸ்’ நாடகத்தைவிடப் பன்மடங்கு பொருந்தும். அதை விட்டு, முன்கூட்டியே படம்பிடித்துத் தொகுத்த படமாக இதைத் தந்தது ஏன் என்பது புரியவில்லை. இடையிடையே வந்த விளம்பரங்களும் சேர்ந்துகொண்டதால், கூட்டமாகக் கூடி அன்றிரவு பார்த்தவர்களுக்குக்கூடக் கூட்டத்தின் வேகம் கிடைத்திருக்க வழியில்லை.

லாவெர்ன் காக்ஸ் தேர்வு குறித்து ரசிகர்கள் இரு பிரிவாக நிற்கிறார்கள். நடிப்புப் பிரிவில் எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட, தம்மைத் திருநர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட முதல் கலைஞர் அவர். அந்தப் பரிந்துரை 2014இல் நிகழ்ந்தது. மைய நீரோட்டத் தொலைக்காட்சியில் கறுப்பினத் திருநங்கை ஒருவர் இந்தப் பாத்திரத்தில் தோன்றுவதே பெரிய செய்தி என்பது ஒரு தரப்பு. ஆண் உடலில் பெண்ணின் உள்ளாடை அணிந்து வரும் ஃப்ராங்கின் தோற்றம் பார்ப்பவரை நிலைகுலைய வைத்ததே அந்தப் பாத்திரத்தின் விசை என்றும், திருநங்கை ஒருவர் பெண்ணுடையில் வருவதில் அந்த அதிர்ச்சி எழ நியாயமில்லை என்றும், அப்படி எழுப்ப முயல்வது அவருக்கே இழுக்கு என்றும் மற்றத் தரப்பு சொல்கிறது. இரண்டாவது வாதத்தில் சாரம் உண்டு. ஆயினும் காக்ஸின் நடிப்பில் நான் கண்ட குறை வேறு. மூலப்படத்தில் ஃப்ராங்காக நடித்த டிம் கரியின் வாயில் பிறந்த அந்த மேட்டுக்குடி ஆங்கில உச்சரிப்பை இவரும் பற்றிக்கொண்டு பேசுவதால், பல காட்சிகளில் ஒரு பாத்திரத்தைப் பார்க்கிறோமா, இன்னொரு நடிகரின் நிழலைப் பார்க்கிறோமா என்ற குழப்பம் எழுகிறது. இறுதிப் பகுதியில், வீடு திரும்பும் ஏக்கத்தைப் பாடும் பாடலில் மட்டும் அவர் அந்த உச்சரிப்பை மறந்து தம் குரலில் நிற்கிறார். அங்கே படம் சில நிமிடங்கள் நிமிர்கிறது.

மூலத்தின் நகல் மட்டுமே வேண்டும் என்று ரசிகர்கள் பிடிவாதம் பிடிப்பதாகச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. இந்தப் படத்தை வாரந்தோறும் மறுஆக்கம் செய்துவருபவர்களே அந்த ரசிகர்கள்தாம். திரைக்கு முன்னால் நடிக்கும் குழுக்களில் ஃப்ராங்காகப் பெண்கள் வருகிறார்கள், பருத்த உடலினர் வருகிறார்கள், வயதானவர்கள் வருகிறார்கள். ஊருக்கு ஊர் கத்தும் வசனம் வேறு, ஆண்டுக்கு ஆண்டு அன்றைய செய்தியைச் சேர்த்துப் புதுப்பிக்கும் கேலி வேறு. பாத்திரத்தை யார் ஏற்றாலும் பொறுத்துக்கொள்ளும் கூட்டத்தை மாற்றத்துக்கு எதிரானது என்று குற்றஞ்சாட்டுவது பொருந்தாது. இந்த மறுஆக்கத்திலும் அவர்கள் வரவேற்ற மாற்றங்கள் உண்டு. மூலப்படத்தின் தொடக்கத்தில் கருந்திரையில் மிதக்கும் சிவந்த உதடுகள் நடிகை பாட்ரிசியா குவின்னுடையவை. பாடும் குரல் ஓ’பிரையனுடையது. இங்கே அந்த உதடுகளுக்குப் பதிலாகத் திரையரங்குப் பணிப்பெண்ணாக ஐவி லெவன் நடந்து வந்து பாடுகிறார். மேடை நாடகம் தொடங்கிய விதமே இதுதான் என்பதை அறிந்தவர்கள் மகிழ்ந்தார்கள். படத்தின் மிகச் சிறந்த ஐந்து நிமிடங்களும் அவையே.

மற்ற நடிகர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொலம்பியாவாக வரும் அன்னலீ ஆஷ்ஃபோர்ட், சலிப்பும் கேலியும் கலந்த முகத்துடன் ஒவ்வொரு காட்சியையும் தம் பக்கம் இழுத்துக்கொள்கிறார். எடியாக வரும் ஆடம் லாம்பர்ட்டுக்குக் குரல் இருக்கிறது, மூலப்படத்தில் அந்த வேடமேற்ற மீட் லோஃபின் முரட்டுத்தனம் இல்லை. ரிஃப் ராஃபாக ரீவ் கார்னி, மூலப்படத்தில் அதே வேடத்தில் நடித்த ஓ’பிரையனைப் பயின்று ஒப்பித்திருக்கிறார். பிராட், ஜேனட் வேடங்களில் ரயன் மெக்கார்டனும் விக்டோரியா ஜஸ்டிஸும் முதற்காட்சியிலிருந்தே எல்லாம் தெரிந்தவர்களைப் போல இருப்பதால், அவர்களைக் கெடுப்பதற்கு அந்த மாளிகையில் எவருக்கும் வேலையில்லாமல் போகிறது.

அழுக்கு இல்லாமை இரண்டாவது பெருங்குறை. மூலப்படம் எடுக்கப்பட்ட ஓக்லி கோர்ட் மாளிகை, அன்று குளிரும் ஈரமும் நிறைந்த பாழடைந்த கட்டடம். படப்பிடிப்பின்போது, ஜேனட்டாக நடித்த சூசன் சராண்டனுக்கு நிமோனியாவே வந்தது. சூ பிளேன் வடிவமைத்த உடைகளில் கிழிசலும் கறையும் உண்டு. ‘டைம் வார்ப்’ பாடலில் ஆடுபவர்கள் நெட்டையும் குட்டையும் பருமனும் ஒல்லியுமாக, அண்டைவீட்டார் திடீரென்று எழுந்து ஆடுவது போல ஆடுவார்கள். நடன அசைவுகளைக் கதைசொல்லியே படம் போட்டு விளக்கிவிடுவார். பார்க்கும் எவரும் எழுந்து ஆடிவிடலாம் என்பதே அந்தப் பாடலின் அழைப்பு. மறுஆக்கத்தில் வில்லியம் ஐவி லாங்கின் உடைகள் கண்ணைப் பறிக்கின்றன. ஆடுபவர்கள் அனைவரும் தேர்ந்த தொழில்முறைக் கலைஞர்கள். அவர்களைப் பார்த்து வியக்கலாம். அவர்களோடு சேர்ந்து ஆடத் தோன்றுவதில்லை.

ரசிகர்களில் பெரும்பாலோர் வாழ்த்திய ஒன்று, மூலப்படத்தின் ஃப்ராங்கான டிம் கரி இதில் கதைசொல்லியாகத் தோன்றியது. 2012இல் பக்கவாதத்தால் தாக்கப்பட்ட அவர், அமர்ந்தபடியே, ஒவ்வொரு சொல்லையும் முயன்று உச்சரித்துப் பேசுகிறார். அந்தப் பேச்சைக் கேட்டு வருந்தியவர்களும் உண்டு. அவரை இந்நிலையில் காட்டியிருக்க வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அவசரமே இல்லாமல், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே மூச்சுவிட நேரம் எடுத்துக்கொண்டு அவர் பேசும் பகுதிகளில்தான் இந்தப் படத்தில் ரசிகர்கள் கத்துவதற்கு இடம் கிடைக்கிறது.

இதைப் பார்த்த புதிய தலைமுறையினர் மூலத்தைத் தேடிப் போவார்கள் என்று ஆதரவாளர்கள் வாதிட்டார்கள். அது சிலரிடம் நடந்திருக்கலாம். ஆனால் நள்ளிரவுக் காட்சிகளில் இன்றும் ஓடுவது 1975ஆம் ஆண்டுப் படமே. ஐம்பதாம் ஆண்டையொட்டி 2025இல் 4கே தரத்தில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்ததும் அதுவே. எனவே இரண்டையும் பார்க்காதவர்களுக்கு என் பரிந்துரை: மூலப்படத்தை வீட்டில் பார்க்க வேண்டாம், ரசிகர் குழுவோடு திரையிடும் அரங்கு ஒன்றைத் தேடிப்பிடித்து, என்ன நடக்கிறது என்றே புரியாமல் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதன் பிறகு மறுஆக்கத்தைப் பார்க்க விரும்பினால், ஐவி லெவனின் தொடக்கப் பாடலையும், ஆஷ்ஃபோர்ட் வரும் காட்சிகளையும், காக்ஸின் இறுதிப் பாடலையும் பார்த்தால் போதும். இடையில் வரும் அந்தத் திரையரங்குக் கூட்டத்தைத் தாண்டிவிடலாம்.