உணவு ஆலோசனை: சுகாதார நிலையத்திலா, அடுப்படியிலா?

"அரிசியைக் குறையுங்கள் அம்மா, காய்கறியைக் கூட்டுங்கள், உப்பு ஆகவே ஆகாது." சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இருப்பது தெரியவந்த அன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் சின்னம்மாவுக்குக் கிடைத்த உணவு ஆலோசனை இவ்வளவுதான். பின்னால் அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது அந்தச் செவிலியர் வேறென்ன செய்வார்? மாத்திரைகளை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்த சின்னம்மா கேட்டார்: "சோற்றைக் குறைத்துவிட்டு வயிற்றுக்கு எதைப் போடுவது?"

இந்தக் கேள்விக்கு எங்கே விடை கிடைக்கிறது என்பதுதான் என் அளவுகோல். ஒரு பக்கம், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு போன்றவற்றைப் பார்க்கும் நிலையத்தின் தொற்றா நோய்ப் பிரிவு. மறுபக்கம், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரையோடு வீட்டுக்கே வரும் மகளிர் தன்னார்வலர்.

நிலையத்தின் பலம் பரிசோதனை. அன்றைய ரத்தச் சர்க்கரை அளவைக் காட்டி மருத்துவர் சொல்லும் சொல்லுக்குத் தனி எடை உண்டு. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர் பருப்பு எவ்வளவு சாப்பிடலாம் என்பதையெல்லாம் அவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் கண்ணில் நோயாளியின் அடுப்படி படுவதில்லை. அங்கே போய்வர ஒரு நாள் கூலியும் போய்விடுகிறது.

வீட்டில் நடந்தது வேறு. தன்னார்வலர் உப்பு பாக்கெட்டைக் கையில் எடுத்து, "இது எத்தனை நாள் வருகிறது அக்கா?" என்றார். மாதம் ஒரு கிலோ, சாப்பிடுவது நான்கு பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியென்றால் மாதத்துக்கு 600 கிராம்தான். இங்கே ஆளுக்கு 8 கிராமைத் தாண்டுகிறது, கருவாடும் ஊறுகாயும் தனி. "அடுத்த பாக்கெட் ஐம்பது நாள் வரட்டும்" என்று சொல்லி, பிரித்த தேதியை அதன்மேல் பேனாவால் எழுதச் சொன்னார்.

பிறகு ரேஷன். அரிசி இலவசம். துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு, அட்டைக்கு மாதம் ஒரே ஒரு கிலோ. நான்கு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் சொச்சம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒருவருக்கான ஒரு நாள் மாதிரித் தட்டில் பருப்பு, முட்டை, இறைச்சி வகைக்கு 85 கிராம் இருக்கிறது. இந்தப் பள்ளத்தை நிரப்பாமல் சோற்றைக் குறைக்கச் சொன்னால், பட்டினி கிடக்கச் சொல்வதாகவே ஏழையின் காதில் விழும். சந்தையில் தட்டைப்பயறும் மத்தி மீனும் என்ன விலை, எந்த வீட்டுக் கொல்லையில் முருங்கை நிற்கிறது என்பதெல்லாம் அதே ஊர்க்காரரான தன்னார்வலருக்குத் தெரியும்.

எல்லாத் தன்னார்வலரும் இப்படியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாத்திரை கொடுத்த கணக்கைத்தான் மேலே கேட்கிறார்கள், பேசிய பேச்சுக்குக் கணக்கில்லை. அவசரத்தில் இருப்பவர் மாத்திரை அட்டையை நீட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார். சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் பேசுவது மூன்றாவது வழி. சமையல் குறிப்பு பரவ நல்ல இடம், ஆனால் ஆண்கள் எட்டிப்பார்ப்பதில்லை.

எது பலித்தது என்று எப்படி அறிவது? 'ஆலோசனை பெற்றோர் எண்ணிக்கை' என்ற பதிவேட்டுக் கட்டம் எதற்கும் உதவாது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு நல்ல சான்றுதான், ஆனால் மாத்திரையை ஒழுங்காகப் போட்டாலே அது இறங்கும், உணவு மாறியதா என்பது தெரியாது. "நேற்றுக் காலை முதல் இரவு வரை என்ன சாப்பிட்டீர்கள்?" என்று முதல் நாளும் ஆறு மாதம் கழித்தும் கேட்டு எழுதி ஒப்பிட வேண்டும். அதற்கு ஒரு நோட்டும் பத்து நிமிடமும் போதும்.

முதல் சொல் மருத்துவருடையதாக இருக்கட்டும். கூடுதலாகப் பணமும் ஆளும் கிடைத்தால் நான் வீட்டு வருகைக்கே கொடுப்பேன். சின்னம்மா வீட்டில் இப்போதைய உப்பு பாக்கெட்டுக்கு இன்று முப்பத்தெட்டாம் நாள். இன்னும் கால் பங்கு மிச்சமிருக்கிறது.